பேச்சித்தாயின் பணிவிடை

ஞானதுரை அரிவாளோடு உள்ளே நுழைந்தபோது, பேச்சித்தாய் புருஷனுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் பதமாகத் துடைத்துவிட்டாள்.

கட்டிலில் குருநாதன் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்தான். "கோமதிசங்கரை வெட்டுனது ஞானதுரைதான், என் கண்ணால பாத்தேன்" என்று கூண்டில் ஏறிச் சொன்ன வாய் இப்போது கோணிப்போயிருந்தது.

செத்த கோமதிசங்கர், பேச்சித்தாயின் கூடப்பிறந்த அண்ணன். முந்தின நாள் தறிக்கூடத்தில் அவனோடு சண்டை போட்ட ஒரே பாவத்துக்கு, ஞானதுரை பாளையங்கோட்டை ஜெயிலில் பத்து வருசம் கிடந்தான். வெட்டிவிட்டு ஓடிய குருநாதனை அவன் பார்த்திருந்தான். சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

இன்று காலையில்தான் விடுதலை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே கொல்லன் பட்டறைக்குப் போனவன், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறான்.

"விலகு தாயி. ஒம்மேல எனக்குக் கோவமில்ல."

அன்று கோர்ட்டு வாசலில் அவன்மேல் மண்ணை வாரித் தூற்றியவள், இன்று கத்தவில்லை. "இங்கன உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். குருநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தான். அவள் தாடையைப் பிடித்து, எதிரே மாட்டியிருந்த அண்ணன் படத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"ரெண்டு வருசமாக் கெடக்காரு. முதுகுல ஒரு புண்ணு வரவிடல. டாக்டரே அசந்துபோனாரு."

"இவன் யாருன்னு தெரியாமப் பாக்குத, தாயி. ஒங்க அண்ணனை வெட்டுனது..."

"தெரியும். விழுந்த அன்னைக்கே, செத்துருவோம்னு பயந்து எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டாரு. மறுநாள் பேச்சு போச்சு. வக்கீல்கிட்ட ஓடினேன். வாய் போனவரை வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு."

ஞானதுரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தெரிஞ்சுமா கஞ்சி ஊத்துத? எங்க அம்மா செத்த மொகத்தைக்கூட நான் பாக்கல. தள்ளு."

அரிவாள் உயர்ந்தது. குருநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணில் பயம் இல்லை. நாவறண்டவன் தண்ணீர்ச் செம்பைப் பார்ப்பது போலிருந்தது.

பேச்சித்தாய் குறுக்கே வந்து, ஞானதுரையின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வெட்டுனா தப்பிச்சுருவாரு, அண்ணாச்சி."