சாமியின் கிளட்ச் கோளாறு

வெங்கிடாசலம் மட்டாஞ்சேரி மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அவருடைய இடது காலில் செருப்பில்லை. ஆத்திரத்தில் அதை எங்கே விட்டார் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மூணாவது தடவை, மாரி! வைட்டிலா ஜங்ஷன் நடுவிலே கியர் விழமாட்டேங்கறது. பின்னாடி அத்தனை வண்டிக்காரனும் ஹார்ன் அடிச்சு மானத்தை வாங்கிட்டான். நீ கிளட்சைப் பார்த்தியா, இல்லே சாயா குடிச்சிண்டு உக்காந்திருந்தியா?"

தென்காசியிலிருந்து பிழைக்க வந்த மெக்கானிக் மாரிச்செல்வத்துக்கு இந்த ஷெட்டைப் பேசி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் வாயிலிருந்தே 'மாரிக்கு வேலை தெரியாது' என்று வந்துவிட்டால், அப்புறம் ஒரு வண்டி உள்ளே வராது.

பானெட்டைத் திறந்தான். கிளட்ச் ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. பெடல் பக்கத்துச் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்துச் சிலிண்டர் இரண்டுமே போன வாரம் அவன் கையால் மாற்றியவை, கசிவு கிடையாது. ஆயில் போகும் குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று வண்டிக்கு அடியிலிருந்த குழியில் இறங்கினான்.

காற்றெடுக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த ஷெட்டில் பெடல் மிதிப்பது எப்போதும் அவன் மனைவி மாடத்திதான்.

"மிதி!"

"மிதிச்சாச்சு!"

"பிடிச்சுக்கோ... விடு!"

ஒரு குமிழிகூட வரவில்லை. அவள் மிதித்தபோதெல்லாம் சிலிண்டர் கம்பி முழுசாக நீண்டு கிளட்சைத் தள்ளியது. பள்ளுருத்தி வரை ஓட்டிப் பார்த்தான். கியர் சொன்னபடி விழுந்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சாமி."

"அப்போ நான் பொய் சொல்றேனாக்கும்? முப்பது வருஷமா ஓட்டறேன்டா! சாவியைக் கொடு, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மாடத்தியின் முகம் சுண்டிப்போயிற்று. மாரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவை நீங்களே மிதிங்க சாமி. நான் கீழ இருந்து பாக்கேன்" என்று கெஞ்சினான்.

வெங்கிடாசலம் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். மாரி குழிக்குள்ளிருந்து டார்ச் அடித்தான். கம்பி பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"முழுசா மிதிங்க சாமி!"

"முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்!"

"இன்னும் கொஞ்சம்!"

"இதுக்கு மேலே மிதிச்சா பெடல் ரோட்டுக்கே வந்துடும்!"

கம்பி அசையவில்லை. அப்பாடா, கோளாறு அகப்பட்டுவிட்டது என்று மாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே தாவில் மேலேறி, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பெடலைக் குனிந்து பார்த்தான்.

பெடல் பாதியில்தான் நின்றது. அதற்கடியில் எதுவும் சிக்கியிருக்கவில்லை. மாரி அதன் மேலிருந்த காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பயந்துகொண்டே கையை நீட்டினான்.

வெங்கிடாசலம் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி திட்டிக்கொண்டே இருந்தார். "என்னடா, வாயடைச்சுப் போச்சா? கோளாறு எங்கேன்னு சொல்லித் தொலையேன்!"

"அரை நிமிஷமா உங்க காலை நறுக்குன்னு கிள்ளிட்டிருக்கேன், சாமி."