கூட ஓடும் வண்டி

அவர் நாற்பதில் வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அவளுடைய மீட்டர் முப்பத்தைந்து காட்டியது.

பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் காலை வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. இடப்பக்கம் அவள் அப்பாவின் மொபெட், பின்னால் காலி முட்டை அட்டைகள் கட்டியபடி. வலப்பக்கம் அவளும் அவள் பைக்கும். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலம்.

அதை இரண்டு பேருமே குறைக்கவில்லை.

நேற்று பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பல் குறைந்ததை மாட்டினாள். தானே மாட்டினாள். நாளைக்கு வேலையில் சேர ஒரகடம் வரை ஹைவேயில் போக வேண்டும். பழைய கியரில் இன்ஜின் வழி முழுக்கக் கத்திக்கொண்டே வரும். இனிமேல் கத்தாது. ஆனால் இந்த வண்டியில் மீட்டருக்கு வேகம் சொல்வது கியர்பாக்ஸ். பின்னால் பல் குறைந்தது அதற்குத் தெரியாது. வண்டி ஒரு வேகத்தில் போகும், மீட்டர் அதைக் குறைத்துச் சொல்லும்.

எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்தால் போதும். சீட்டுக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறாள். அதில் கணக்கைப் போட்டால் மீட்டர் சரியாகிவிடும்.

அதற்குத்தான் கூட ஒரு வண்டி.

"போன்லயே வேகம் காட்டும், பாத்துக்க பாப்பா," என்றார் பல்சக்கரம் வாங்கிக் கொடுத்த மெக்கானிக் செல்லதுரை. "பசங்கெல்லாம் அதுலதான் பாக்கறானுங்க. படிச்ச புள்ள, உனக்குத் தெரியாதா?"

தெரியும். பி.இ. மெக்கானிக்கல். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். போன் இப்போதுகூட ஜீன்ஸ் பையில்தான் இருக்கிறது.

முப்பத்தைந்து. முப்பத்தாறு. மறுபடி முப்பத்தைந்து.

மாசியில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் இதை வித்துருவீங்கல்லங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அவளிடம் இல்லை.

டியூஷன் எடுத்து அவள் வாங்கிய வண்டி.

அப்பா தலையாட்டினார்.

"காபி ஆறுது," என்றாள் அவள். "குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அன்றோடு அப்பாவோடு பேச்சு நின்றது. அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாக. 'அவருக்குச் சட்னி வேணுமான்னு கேளும்மா' என்பாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, 'போதும்னு சொல்லு' என்பார் அவர். அம்மா நடுவில் கரண்டியோடு நிற்பாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன போஸ்ட்மேனா?"

அந்த அம்மாவும் இப்போது ஊரில் இல்லை. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஈரோட்டுக்குப் போயிருக்கிறாள். நாளை அவள் கிளம்பும்போது வீட்டில் அவர் மட்டும்தான் இருப்பார். ஒரு வார்த்தை இல்லாமல் கேட்டைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

போகலாம். அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

நேற்றிலிருந்து அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காலையில் அவர் கடைகளுக்கு முட்டை போட்டுவிட்டு வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் பைக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"கூட ஒரு வண்டி நாப்பதுல ஓடுனாச் சரி பண்ணிரலாம்."

பைக் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் துண்டில் கையைத் துடைத்தார். அட்டைகளை அவிழ்க்காமலே மொபெட்டைக் கிளப்பினார். கேட்டுக்கு வெளியே போய் நின்றார். இன்ஜினை அணைக்கவில்லை.

இப்போது பக்கத்தில் வருகிறார். அட்டைகள் காலி. ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முட்டை இருப்பதுபோல ஒதுங்கி ஓட்டுகிறார்.

இரண்டு எண் வேண்டும். அவளுடையது கையில் இருக்கிறது. அவருடையதைக் கேட்டாக வேண்டும்.

கல்யாண மண்டபம் தாண்டியது. எடைமேடை தாண்டியது. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையும் தாண்டியது.

"எவ்வளவுப்பா?"

காற்றில் போயிருக்கும் என்று நினைத்தாள்.

"நாப்பது."

குனிந்து பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தே சொன்னார்.

பார்க்காமல் சொல்கிற எண் அவளுக்கு ஆகாது. பைக்கை இடப்பக்கம் ஒட்டினாள். நடுவில் இருந்த அகலம் போயிற்று. எட்டி அவர் மீட்டரைப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு உள்ளே எப்போதோ பெய்த மழை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. முள் சைபரில் படுத்திருந்தது. மீட்டர் வயர் சக்கரம் வரை போகவே இல்லை. அறுந்த முனையை, முட்டை அட்டை கட்டுகிற சணலால் ஹேண்டிலோடு சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். சணல் கறுத்துப்போயிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். திட்டுவதற்குத்தான் திறந்தாள்.

அவர் முதுகை நேராக வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா வரலப்பா," என்றாள். "இன்னொருக்கா ஓட்டணும்."

அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஏதும் வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்தார். மொபெட்டை வந்த வழிக்கே வளைத்தார்.

"அம்பதுலயும் ஒருக்காப் பாத்துரலாம்," என்றார்.