செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

நாகலெட்சுமியின் வயலில் சேறு காய்ந்து, மெல்லிசாக வெடிப்பு விழத் தொடங்கியிருந்தது. வரப்பில் நின்று அதைப் பார்த்த கணேசமூர்த்திக்கு வயிறு குளிர்ந்தது. சீனி வியாதிக்காரர், அன்றைக்குச் சீனி போட்டு பிளேன்டித் தேநீர் குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறம்பொடைக்குக் கீழே, தேயிலை மலை முடிந்து பள்ளம் தொடங்குகிற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல்கள். இரண்டும் ஹேரத் முதலாளிக்குச் சொந்தம். ஒன்றை ஓய்வுபெற்ற கங்காணி கணேசமூர்த்தியும், மற்றதைக் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியும் குத்தகைக்குச் செய்தார்கள்.

இந்தப் போகத்தில் யார் வயல் நன்றாக விளைகிறதோ, அடுத்த போகத்திலிருந்து இரண்டு வயலும் அவருக்கே குத்தகை என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கணேசமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் பாடுபட்ட மண். அது கைவிட்டுப் போனால் லயத்து வீட்டு வாசலில் குந்திக்கொண்டு ரேடியோ கேட்க வேண்டியதுதான்.

நாகலெட்சுமி யூரியா மூட்டைப் பக்கமே போகவில்லை. ஆட்டுப் புழுக்கை, உமிக்கரி, மக்கின இலைதழை என்று கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். போதாததற்கு விவசாயப் போதனாசிரியர் றொசானா மிஸ் வந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயல் நடுவில் இறக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நாகலெட்சுமி குனிந்து அதற்குள் எட்டிப் பார்ப்பாள்.

“குழாய்க்குள்ள அப்பிடி என்ன தங்கச்சி தெரியுது?”

“தண்ணி தெரியுதுங்கண்ணே.”

“வயக்காட்டுல இல்லாத தண்ணியா?”

“மண்ணுக்குள்ள இருக்குங்களேண்ணே.”

இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கணேசமூர்த்தி முடிவுகட்டினார்.

வாய்க்கால் தண்ணீர் அவள் வயலுக்குச் செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு முறை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற கூட்டம் வாய்க்கால் ஓரமாகத்தான் நடக்கும். அன்றைக்குக் கை வைக்க முடியாது. செவ்வாயில் ஆள் நடமாட்டமே கிடையாது. காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு ஆள்கணக்குக் கொடுக்கப் போகிற நாகலெட்சுமியும் பொழுது சாயத்தான் திரும்புவாள்.

அவள் தலை மலையில் மறைந்ததும் மனுசன் மண்வெட்டியோடு இறங்குவார். அவள் மடையில் மண்ணைப் போட்டு அடைத்து, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புவார். நாலு மணிக்கு அவள் தண்ணீர் முறை முடிந்ததும் மடையை வெட்டிப் பழையபடி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வீட்டுக்குப் போவார். முதல் வாரம் பாவமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது.

இப்படி ஒன்பது செவ்வாய் போனது. கதிர் வருகிற சமயம் மழையும் பெய்தது. அதற்காக அவர் தன் வேலையை விட்டுவிடவில்லை.

அறுவடைக்கு முதல் நாள் முதலாளியும் றொசானா மிஸ்ஸும் வந்தார்கள். கணேசமூர்த்தியின் நெல் பாதி சாய்ந்து சேற்றில் படுத்திருந்தது. நின்ற பாதியைக் கசக்கிப் பார்த்தால் பதர். நாகலெட்சுமியின் வயலில் கதிர்கள் பாரம் தாங்காமல் தலை தொங்கி நின்றன.

கணேசமூர்த்தியின் முகத்தில் ஈயாடவில்லை. “என் வயலுக்குத் தண்ணி கொறைவே இல்லயே மிஸ்.”

“அதுதாங்க ஐயா கோளாறு. எந்நேரமும் தண்ணி நின்னா வேரு மூச்சு முட்டிப் போகும். நீங்க யூரியாவும் அள்ளிப் போட்டிருக்கீங்க. அக்கா போட்ட எரு ஈரத்தப் புடிச்சு வச்சிக்கிரும். மேல காஞ்சாலும் அடியில தண்ணி இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவ பாய்ச்சினாப் போதும், செவ்வாக்கெழமத் தண்ணிய உள்ள விடாதீங்கன்னு அக்காகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்.”

றொசானா மிஸ் நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினார். “மடையச் சும்மா அடைச்சா கரை ஒடைஞ்சிரும், வேற எங்கயாச்சும் திருப்பியும் விடணும். பெரட்டுக்குப் போற நாள்ல எப்பிடிக்கா செஞ்சீங்க?”

நாகலெட்சுமி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு வயலும் இனி அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டு முதலாளி ஜீப்பில் ஏறினார். றொசானா மிஸ்ஸும் கூடவே போய்விட்டார். கணேசமூர்த்தி வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். பதினெட்டு வருஷத்து மண் போயே போய்விட்டது. நல்ல வேளை, செய்த காரியமாவது யார் கண்ணிலும் படவில்லை. மானம் தப்பியது என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாகலெட்சுமி பின்னாலேயே வந்தாள். அவள் குரலில் கேலி துளியும் இல்லை.

“அண்ணே, அடுத்த போகத்துக்கும் செவ்வாக்கெழம நீங்களே வந்து அடைச்சிருங்க.”