மாப்பிள்ளை நாற்காலி

பெண் பார்க்க வந்த கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை உட்கார்ந்ததுமே நாற்காலியின் கால் கழன்றது. ஆள் குப்புற விழுந்தார்.

"சகுனம் சரியில்லீங்க" என்று பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். போன தடவை வந்தவர்களும் இப்படித்தான் போனார்கள்.

சந்திரகலா அலுத்துப்போய்க் கேட்டாள்: "ஸ்குரு ஓட்டை பெருசாயிடுச்சுன்னு தீக்குச்சி சொருகி, காலையில நான்தானேப்பா இறுக்கமா முடுக்குனேன்?"

"பழைய மரம், பிடிக்கல. விடும்மா, அண்ணாமலையார் பார்த்துக்குவார்" என்றார் அப்பா பரசுராமன். "நாளைக்கு உனக்கு ஆபீஸ் இருக்கு. போய்ப் படு."

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்து உதறினாள். பையிலிருந்து அந்த ஸ்குரு விழுந்தது. மரையில் தீக்குச்சித் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.