காதில் ஒரு பச்சை இலை

காட்டுப் பிராணிகள் ஒன்றுகூடி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுப் பாஷையை உண்டாக்கியிருந்தன. அதைப் பேசுகிறவர்கள் அடையாளத்துக்குக் காதில் பச்சை இலையைச் செருகிக்கொண்டு, வருஷம் ஒருமுறை குளக்கரையில் கூடுவார்கள். இந்த வருஷம் சிறுத்தையும் வந்தது, வெறுங்காதோடு.

"எதுக்குய்யா இந்த வெட்டி வேலை? எல்லாரும் என் பாஷையையே பேசிட்டுப் போங்களேன். நான் உறுமினா புரியாதவன் எவனாவது இருக்கானா?" என்றது.

பத்து வருஷமாக வளை வளையாக ஏறி இறங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்த முயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் பாஷையில மானுக்கு என்ன பேரு?"

"சாப்பாடு."

"முயலுக்கு?"

"அதுக்கும் சாப்பாடுதான்" என்றது சிறுத்தை, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

முயல் ஓர் இலையைப் பறித்துச் சிறுத்தையின் மூஞ்சியில் விட்டெறிந்தது.

"காதுல செருகிக்கிட்டுக் கடைசி வரிசையில போய் உட்காரு. முதல் பாடமே எங்க பேருதான்."