பூசுவதும் விழுங்குவதும்

முதலில், ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது. அடுத்து, வந்த தண்ணீரும் எங்கள் கடைமடைக்கு வந்து சேரவில்லை. மூன்றாவதாக, கருகிய சம்பாவுக்கு இழப்பீடு வரவில்லை. நான்காவதாக, தாலுகா ஆபீஸ் வாசல் பந்தலில் நடந்த மொட்டையடிக்கும் போராட்டத்துக்கு ராஜ்குமார் தலையில் மருந்து தடவிக்கொண்டு வந்தான்.

முதல் மூன்றையும் எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவர் துரைராசு எப்படியோ பொறுத்துக்கொண்டார். நான்காவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்னடா தலையில பிசுபிசுன்னு? வாடை வேற!"

"முடி வளர்ற லோஷன்ண்ணே. மாசக்கணக்கா தடவி இப்பதான் முளைக்குது. ஞாயித்துக்கிழமை மயிலாடுதுறையிலேருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் வழுக்கைன்னு தட்டிப்போச்சு. இந்த ஒரு தடவை விட்டுருங்கண்ணே."

"பயிரு கருகிக் கிடக்கு, இவன் மயிருக்குத் தண்ணி பாய்ச்சுறான்!"

பந்தலே சிரித்தது.

"ஏன் மாப்ள, மாத்திரை சாப்பிட்டா இந்த வாடை இருக்காதே?" என்றான் மெடிக்கல் கடை ஆல்பின்.

"டாக்டரும் சொன்னாரு. ஆனா பூசுறது பெரும்பாலும் தலையோட நிக்குமாம், மாத்திரை உடம்பு முழுக்கப் போகுமாம். கல்யாணத்துக்கு முன்னாடி எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

"போராளிக்குத் தலை எதுக்குடா இருக்கு? கொடுக்கத்தான்!" என்று முழங்கினார் துரைராசு.

கைதட்டல் அடங்குவதற்குள் ராஜ்குமார் உட்கார்ந்துவிட்டான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். சலூன் கடை ரெத்தினம் கத்தியை எடுத்தார். அந்த வருஷம் எங்கள் ஊரில் நடந்த ஒரே அறுவடை அதுதான்.

அடுத்து ரெத்தினம் தலைவரின் தலைத்துண்டில் கை வைத்தார். துரைராசு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம்ப்பா."

"ஏங்க?"

குரல் தாழ்ந்தது. "ஒரு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். இப்பதான் உச்சியில அடைச்சு வருது."

பக்கத்து நாற்காலியிலிருந்து மொட்டைத் தலை திரும்பியது.

"அப்ப நான்?"

"நீ பூசுறது அலங்காரம்டா தம்பி. நான் முழுங்குறது வைத்தியம்."

சங்கச் செயலாளர் மங்களாம்பிகை மைக்கை எடுத்தார்.

"தாசில்தார் ஐயா, போலீஸ்காரங்க, பத்திரிகைக்காரங்க எல்லாரும் கவனிங்க. போராட்டத்துல பின்வாங்குற துரோகி பேரை அதிகாரிங்க முன்னாலயே வாசிக்கணும்கிறது எங்க சங்கத் தீர்மானம். கொண்டுவந்தவர் தலைவர்."

"மங்களா, கொஞ்சம் இரும்மா..."

கேமராக்கள் திரும்பின.

"துரைராசு."