நாட்டை முடக்கிய இரண்டு வரி

“அக்கா, முதல்ல கதவைச் சாத்து. என்னைத் தேடிக்கிட்டு யாராவது வந்தாங்களா?”

துணிப்பையும் கையுமாக உள்ளே நுழைந்த தம்பியைப் பார்த்ததும் தையல் மெஷினில் இருந்த அக்காவின் கால் நின்றுவிட்டது. அவன் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. பார்த்துப் பார்த்து வளர்த்த மீசையை முகத்தில் காணோம்.

“என்னடா கோலம் இது? மீசை எங்கே?”

“அடையாளம் தெரியக்கூடாதுன்னு எடுத்துட்டேன். சோஷியல் மீடியாவை எல்லாம் அரசாங்கம் மூடிடுச்சு இல்ல? நான்தான் காரணம்.”

உள் அறையில் மாமா சிரிக்கும் சத்தம் கேட்டது.

“சிரிக்காதீங்க மாமா. நேத்து சாயங்காலம் எங்க அதிகாரியைப் பத்தி ரெண்டு வரி எழுதினேன். ‘குழாயைத் திறந்தால் வருவது வெறும் காற்று. எங்கள் அதிகாரி வாயைத் திறந்தாலும் அதே காற்றுதான்.’ எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு. வேலைதான் இருக்காது” என்றார் மாமா.

“பட்டனை அமுக்கினேன். அமுக்கின கையோட நாடு முழுக்க எல்லாம் நின்னு போச்சு. யோசிச்சுப் பாருங்க, என் ரெண்டு வரிக்கு எவ்வளவு சக்தி!”

“அடேய், நீ எழுதுறதைப் படிக்கிறதே நானும் உங்க அதிகாரி சம்சாரமும்தான்” என்றாள் அக்கா. “அந்தம்மா பாவம், எதைப் போட்டாலும் ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டுட்டுப் போகும்.”

“அதுதானே பயம்! அந்தம்மா பார்த்தா அவர் பார்த்த மாதிரி. அவர் மந்திரிகிட்ட ஓடியிருப்பார். மந்திரி ஒரே போடா மூடச் சொல்லியிருப்பார்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கவலையும் வந்தது. இவனுக்குப் பெண் தேடித் தேடி அவள் செருப்புத் தேய்ந்து, இப்போதுதான் ஓர் இடம் கூடி வந்திருக்கிறது. அதுவும் அரசாங்க வேலை என்ற ஒரே காரணத்துக்காக. வேலை போனால் கல்யாணமும் போய்விடும்.

“போனைத் தொறந்து அந்தச் சனியனை அழிச்சுத் தொலையேன்டா.”

“தொறந்தா நான் இருக்கிற இடம் தெரிஞ்சுடும்க்கா.” அணைத்து வைத்திருந்த போனைத் துண்டில் சுற்றி, வெட்டுத்துணி மூட்டையின் அடியில் திணித்தான்.

மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல் என்று அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னாள். தையல் அறைத் திரைக்குப் பின்னால் பாய் போட்டு அவன் தலைமறைவு வாழ்க்கையைத் தொடங்கினான்.

ஊர் எப்படியோ சமாளித்துக்கொண்டது. படம் அனுப்பி அளவு சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நேரிலேயே வந்து, துணியைக் கொடுத்துவிட்டு மாமியார் கதையையும் முழுதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா யாரையோ பிடித்து, தடையைத் தாண்டும் குறுக்கு வழி ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவருடைய போன், தான் ஏதோ பனி நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்பளிக் கோட்டு விளம்பரமாகக் காட்டித் தள்ளியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவரும் பார்த்தார்.

திரைக்குப் பின்னால் இருந்தவனுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். இத்தனை பெண்கள் வந்து இத்தனை பேசுகிறார்கள். நாட்டையே முடக்கியவனைப் பற்றி ஒருத்தியாவது மூச்சுவிட வேண்டாமா?

வார முடிவில் மாமா செய்தித்தாளை நீட்டினார். “தடை நீங்கிடுச்சு மாப்பிள்ளை. பரீட்சைக் கேள்வித்தாள் வெளியில போயிடக் கூடாதுன்னுதான் மூடினாங்களாம்.”

“பரீட்சைக்கா?”

“ஆமா. பள்ளிக்கூடப் பசங்களுக்குப் பயந்து.”

குமாஸ்தா மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்தான். மொழுமொழுவென்று இருந்தது. “என்னை மாதிரி ஒரு முட்டாளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா மாமா? எவனோ பரீட்சை எழுதுறதுக்கு நான் மீசையைக் குடுத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. எடுத்தவளின் முகம் வெளுத்தது. “உங்க அதிகாரிடா.”

போனை வாங்கிக் காதில் வைத்தான்.

“என்னய்யா, காய்ச்சல் விட்டுதா?”

“இப்பத்தான் சார்... கொஞ்சம்...”

“உடம்பைப் பார்த்துக்கோ. விஷயம் தெரியுமா? நம்ம ஆபீஸ்ல அத்தனை பேரும் தடையை மீறி உள்ள புகுந்து என்னைக் கன்னாபின்னான்னு எழுதி வசமா மாட்டிக்கிட்டானுங்க. என்னைப் பத்தி ஒரு வரி எழுதாத ஒரே ஆளு நீதான்யா. தலைமைக் குமாஸ்தா இடம் உனக்குத்தான். நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடுறேன்.”

போனை வைத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அக்கா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“அவர் பார்க்கவே இல்லைக்கா!”

“புண்ணியம் பண்ணியிருக்கே. நாளைக்குக் கையெழுத்து விழுறதுக்குள்ள அதை அழிச்சுடு. ஓடு!”

மூட்டையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். துண்டைப் பிரித்துப் போனை உயிர்ப்பித்தான். இரண்டு வரியும் திரையில் வந்தன. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அக்கா, இது போகவே இல்லைக்கா! நான் அமுக்குறதுக்கு முன்னாடியே மூடியிருக்காங்க. இத்தனை நாளும் உள்ளேயேதான் காத்துக்கிட்டு...”

வட்டம் நின்றது. ‘உங்கள் பதிவு வெளியானது’ என்றது போன். அழிப்பதற்கு எங்கே தொட வேண்டும் என்று அவன் விரல் தேடுவதற்குள், பதிவின் கீழே ஒரு சிவப்பு ஹார்ட் வந்து உட்கார்ந்தது. போட்டவர், அதிகாரியின் சம்சாரம்.